நயோட்டாவுல இருந்து வந்த லெட்டர்

நாக்ஸ்வில்லுக்கு வேலை மாத்திக்கிட்டு வந்த புதுசுல மத்தியானம் சாப்பிட்டு முடிச்சதும் டவுன்டவுன்ல ஒரு நடை போயிட்டு வருவேன், அப்படி ஒரு நாள் போறப்ப தான் அந்தச் சிலைய பாத்தேன், க்ளிஞ்ச் அவென்யூவும் மார்க்கெட் ஸ்ட்ரீட்டும் சேர்ற எடத்துல ஒரு அம்மாவும் ஒரு இளவட்டப் பையனும். அமெரிக்காவுல சிலைன்னா குதிரை மேல ஜெனரல், இல்லன்னா ஜனாதிபதி. அம்மாவும் புள்ளையுமா ஒரு அரசியல்வாதிக்கு சிலை வெச்சு நான் பாத்ததே இல்ல. கீழ பேர் ஹாரி பர்ன்னு இருந்துச்சு, அம்மா பேர் ஃபெப் பர்ன். ரெண்டு பேரையும் அதுக்கு முன்னாடி நான் கேள்விப்பட்டது கூட கிடையாது.

அன்னைக்கு ராத்திரி தேட ஆரம்பிச்சது, இப்ப வரைக்கும் விடல. ஹாரி பர்ன் ஒண்ணும் பெரிய ஆள் இல்ல. டென்னசி மாநில சட்டசபையில நாலு வருஷம் மெம்பர், அப்புறம் ரொம்ப வருஷம் கழிச்சு மாநில செனட்ல, அதாவது மேல்சபையில, நாலு வருஷம், நடுவுல ஒரு தடவை கவர்னருக்கு நிக்கப் பாத்து சொந்தக் கட்சியிலயே சீட்டு கிடைக்காம தோத்தவர், கடைசியில ஒரு சின்ன ஊர் பேங்க்ல தலைவர். பெரிய பதவின்னு சொல்ல இவ்ளோ தான். ஆனா 1920 ஆகஸ்ட் 18ஆம் தேதி காலைல அவர் வாயிலேர்ந்து வந்த ஒரே ஒரு "ஏய்"னால தான் அமெரிக்கா முழுக்க பொம்பளைங்களுக்கு ஓட்டு போடுற உரிமை சட்டமா ஆச்சு. ஏய்னா அங்க ஆமாம்னு அர்த்தம், சபையில ஓட்டு சொல்றப்ப சொல்ற வார்த்தை.

இந்தக் கதைய இங்க யார்கிட்ட கேட்டாலும் ஒரே மாதிரி சொல்றாங்க, அம்மா லெட்டர் போட்டாங்க, புள்ள சொன்னபடி கேட்டான், நல்ல பையன்னு. எனக்கு அது போதல. அப்படி சொல்றதுல ரெண்டு பேருக்குமே நியாயம் செய்யலன்னு தோணுது, அதனால தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

மொதல்ல ஊர். நயோட்டா, நாக்ஸ்வில்லேர்ந்து தெக்கால சட்டனூகா போற ரோட்ல, மக்மின் கவுன்ட்டியில இருக்கற சின்ன ஊர். பழைய பேரு மவுஸ் க்ரீக். நான் போய் பாத்தேன், ரயில்வே லைன் ஊர் நடுவுல ஓடுது, உள்நாட்டுப் போருக்கு முந்தி கட்டின டிப்போ இன்னும் நிக்குது. ஹாரியோட அப்பா அந்த ரயில்வேயில தான் ஸ்டேஷன் மாஸ்டர். ஹாரி பொறந்தது 1895 நவம்பர்ல, படிப்பு முடிச்சு அவரும் சதர்ன் ரயில்வேக்கு தான் வேலைக்குப் போனார். 1916ல அப்பா செத்துப் போறார். பண்ணை, வீடு, புள்ளைங்க எல்லாத்தையும் அதுக்கப்புறம் ஃபெப் அம்மா தான் தூக்கி நிறுத்தினாங்க, பால் கறக்கறதுலேர்ந்து குத்தகைக்காரங்க கணக்கு வரைக்கும். பக்கத்து ஏதென்ஸ் ஊர்ல காலேஜ் படிச்சவங்க, அந்தக் காலத்துல அந்த மலைப்பக்கம் அது சாதாரணம் இல்ல, பேப்பர் பத்திரிகையெல்லாம் வீட்டுக்கு வரவழைச்சு வாசிக்கற ஆள். வெளியூர் அரசியல், நாட்டு அரசியல் எல்லாம் அந்தம்மாவுக்கு அத்துப்படி.

1918ல ஹாரி சட்டசபைக்கு ஜெயிக்கறப்ப வயசு 22. ரிபப்ளிகன் கட்சி. டென்னசி மொத்தமும் டெமாக்ரட் கையில இருந்த காலம் அது, ஆனா கிழக்கு மலைப்பக்கம் உள்நாட்டுப் போர் காலத்துலேர்ந்தே ரிபப்ளிகன் பக்கம். சபையில இவர் தான் வயசுல சின்னவர்.

1919 ஜூன்ல அமெரிக்க காங்கிரஸ் 19ஆவது திருத்தத்த பாஸ் பண்ணிடுச்சு, ஆண் பெண்ங்கற காரணத்த சொல்லி யாருக்கும் ஓட்டுரிமைய மறுக்கக் கூடாதுன்னு. ஆனா அங்க அரசியல் சட்டத்த திருத்தணும்னா காங்கிரஸ் மட்டும் போதாது, நாலுல மூணு பங்கு மாநிலங்க ஒத்துக்கணும், அப்ப 48 மாநிலம், அப்ப 36 வேணும். 1920 மார்ச்ல வாஷிங்டன் மாநிலம் 35ஆவதா சேந்துச்சு. அதோட நின்னு போச்சு. டெலவேர் ஜூன்ல முடியாதுன்னுடுச்சு, சில மாநில கவர்னருங்க சபையவே கூட்ட மாட்டேன்னுட்டாங்க. நவம்பர்ல ஜனாதிபதி தேர்தல் வேற வருது. மிச்சம் நம்பிக்கையா இருந்தது டென்னசி. ஜனாதிபதி வில்சனே கவர்னர் ராபர்ட்ஸுக்கு தந்தி அடிச்சு கேட்டதுல ஆகஸ்ட் 9ஆம் தேதி விசேஷக் கூட்டம் கூடுது.

அந்த ஆகஸ்ட்டுல டென்னசி தலைநகர் நாஷ்வில்ல நெனச்சுப் பாருங்க, வெக்கை, ஃபேன் கூட ஒழுங்கா இல்லாத காலம், ஹெர்மிடேஜ் ஹோட்டல்ல ரெண்டு கோஷ்டியும் ஒரே கூரைக்கு கீழ. உரிமை வேணும்ங்கறவங்க மஞ்ச ரோஜா, வேணாம்ங்கறவங்க செவப்பு ரோஜா. சட்டசபைக்காரங்க கோட்டுல என்ன பூ இருக்குன்னு பாத்து தான் தெனமும் எண்ணிக்கை போடுவாங்க. கேரி சாப்மன் கேட், அந்த இயக்கத்தோட தலைவி, அந்த ஹோட்டல் ரூம்லயே ஒரு மாசத்துக்கு மேல உக்காந்து வேலை பாத்தாங்க. எட்டாவது மாடியில எதிர்க் கோஷ்டி ஒரு ரூம தொறந்து வெச்சு, மதுவிலக்கு அமல்ல இருக்கற நாட்டுல, சட்டசபைக்காரங்களுக்கு விஸ்கி ஊத்திக்கிட்டு இருந்துச்சு. இன்னைக்கு ஆதரவுன்னு சொன்னவர் நாளைக்கு காலைல எதிர்ப்பு. மிரட்டல், பொய் தந்தி, வேலை தர்றேன்ங்கற பேரம் எல்லாம் நடந்துச்சு. மெம்ஃபிஸ்காரர் ஜோ ஹானோவர், போலந்துல பொறந்து குழந்தையா வந்து சேந்த யூதர், அவர் தான் சபைக்குள்ள ஆதரவு ஓட்ட ஒண்ணா கட்டி வெச்சுக்கிட்டு இருந்தார், அவருக்கும் மிரட்டல் வந்துச்சு.

எதிர்க் கோஷ்டிக்கு தலைமை தாங்கினதும் ஒரு பொம்பள தான், ஜோசஃபின் பியர்சன். இது என்னை ரொம்ப யோசிக்க வெச்ச விஷயம். அவங்க அம்மா 1915ல சாகறதுக்கு முன்னாடி மகள்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க, இந்தத் திருத்தம் எப்பவாச்சும் டென்னசிக்கு வந்துச்சுன்னா நீ என் நினைவா எதிர்த்து நிக்கணும்னு. பியர்சன் அந்த சத்தியத்த காப்பாத்தத்தான் நாஷ்வில் வந்தாங்க. அப்ப பாருங்க, அந்த ஹோட்டல்ல ஒரு அம்மா பேச்ச கேட்டு ஒரு மகள் எதிர்த்தாங்க, சபையில ஒரு அம்மா பேச்ச கேட்டு ஒரு மகன் ஆதரிச்சார். அம்மா சொன்னாங்கங்கறது மட்டுமே ஒரு விஷயத்த சரின்னு ஆக்கிடாது. அம்மா என்ன சொன்னாங்க, ஏன் சொன்னாங்கன்னு பாக்கணும்.

டென்னசி செனட்ல 13ஆம் தேதி 25க்கு 4ன்னு சுலபமா பாஸாயிடுச்சு. அங்க எதிர்த்து ரொம்ப கசப்பா பேசினவர்ல ஒருத்தர் ஹெர்ஷல் கேண்ட்லர், ஹாரி ஊர்ப்பக்கத்து செனட்டர், ஹாரிய அரசியல்ல வளத்து விட்ட பெரியவர். இத ஞாபகம் வெச்சுக்கங்க. ஹாரிக்கு நவம்பர்ல மறுபடி தேர்தல். தொகுதியில பெரிய தலைங்க எல்லாம் எதிர்ப்பு, ஊர்லேர்ந்து எதிர்த்து தான் தந்தி வருது, குரு எதிர்ப்பு. ஹாரி கோட்டுல செவப்பு ரோஜா.

18ஆம் தேதி புதன்கிழமை காலைல, சபாநாயகர் செத் வாக்கர், அவர் மொதல்ல ஆதரவு, அப்புறம் எதிர்ப்புக்கு மாறினவர், தீர்மானத்த மேசை மேலயே வெச்சு அப்படியே கெடப்புல போடலாம்னு கொண்டு வர்றார். ஓட்டெடுத்தா 48க்கு 48. நம்பிக்கை இல்லாம மறுபடி எண்றாங்க, மறுபடியும் 48க்கு 48. ரெண்டு தடவையும் ஹாரி கெடப்புல போடற பக்கம் தான் ஓட்டு போட்டார், இத யாரும் அதிகம் சொல்றதில்ல. சமம்னா கொண்டு வந்த கோரிக்கை விழுந்துச்சுன்னு அர்த்தம், அதனால கெடப்புல போட முடியல, ஆனா அதே கணக்கு அடுத்த ஓட்டுல வந்தா திருத்தமும் விழுந்துடும். செவப்பு ரோஜாக்காரங்களுக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம். நேரடியா திருத்தத்து மேலயே ஓட்டெடுங்கன்னுட்டாங்க.

ஏபிசி வரிசையில பேர் கூப்பிட்டாங்க, பர்ன் ஆரம்பத்துலயே வந்துடும். செவப்பு ரோஜா குத்தின அந்தப் பையன் சட்டுனு "ஏய்"ன்னார். சில பேருக்கு என்ன நடந்துச்சுன்னே புரியலயாம். அப்புறம் பேங்க்ஸ் டர்னர்னு ஒருத்தர், பேர் வந்தப்ப வாயத் தொறக்காம விட்டுட்டு கடைசியில எந்திரிச்சு அவரும் ஏய். 49க்கு 47. மேல கேலரியிலேர்ந்து மஞ்சப் பூ மழையா கொட்டுச்சு. டர்னர பத்தி யாரும் அதிகம் பேசறதில்லன்னு எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு, அவர் இல்லன்னா ஹாரியோட ஓட்டுக்கு எந்த மதிப்பும் இல்ல. வாக்கர் மறுபரிசீலனை கேக்கற உரிமைக்காக தன் ஓட்ட ஆதரவுக்கு மாத்தினார், அதுல 50 ஆயிடுச்சு, 99 பேர் இருக்கற சபையில சரியான பெரும்பான்மை, அவர் நெனச்சதுக்கு நேர்மாறா அது இவங்களுக்கே பலமா போச்சு.

இப்ப லெட்டர். அந்த நேரத்துல ஹாரியோட கோட்டுப் பையில இருந்த ஏழு பக்க லெட்டர் இன்னைக்கு நாக்ஸ்வில் நூலகத்தோட மக்க்ளங் சேகரிப்புல இருக்கு, எங்க ஆபீஸ்லேர்ந்து நடக்கற தூரம். ஸ்கேன் பண்ணினத முழுசா படிச்சேன். உலகத்த மாத்தின லெட்டர்னு நெனச்சு தொறந்தா, பெரும்பாலும் வீட்டு விஷயம் தான், ஊர் நடப்பு, மழை, சொந்தக்காரங்க. எங்கம்மா நான் ஹாஸ்டல்ல இருந்தப்ப எழுதின இன்லேண்ட் லெட்டர் அப்படியே ஞாபகம் வந்துச்சு, மாடு கன்னு போட்டது, பெரியப்பா வீட்டு கிரகப்பிரவேசம், ரேஷன்ல சீனி போடலங்கறது, எல்லாத்துக்கும் நடுவுல ஒரு மூலையில நுணுக்கி ஒரே ஒரு வரி இருக்கும், அந்த வரிக்காகத் தான் மொத்த லெட்டரும் எழுதியிருப்பாங்க. ஃபெப் அம்மாவும் அப்படித்தான். நடுவுல வருது, ஓட்டுரிமைக்கு ஓட்டு போடு, அவங்கள சந்தேகத்துல வெக்காதன்னு. கேண்ட்லர் பேசினத பாத்தேன், ரொம்ப கசப்பா இருந்துச்சு. நீ எந்தப் பக்கம்னு பாத்துக்கிட்டே இருக்கேன், பேப்பர்ல இன்னும் ஒண்ணும் கண்ணுல படல. கடைசியில ஒரு விளையாட்டு, கேட் அம்மாவுக்கு அவங்க எலிங்க விஷயத்துல ஒத்தாசையா இருன்னு. கேட்னா பூனை, ராட்டிஃபிகேஷன்னா திருத்தத்த மாநிலம் ஏத்துக்கறது, அந்த வார்த்தை ஆரம்பத்துல ராட், அதாவது எலி உக்காந்திருக்கு.

நீ எந்தப் பக்கம்னு பாத்துக்கிட்டே இருக்கேன். இந்த வரியில தான் நான் நின்னுட்டேன். அதுல கட்டளை இல்ல, அழுகை இல்ல. மாடு கறந்து, பண்ணைய பாத்து, வரி கட்டி, இந்த நாட்டுல முழு ஓட்டுரிமை இல்லாத ஒரு பொம்பள, தன் மகன் பேர பேப்பர்ல தேடித் தேடி பாத்திருக்கா. புள்ள மௌனமா இருக்கறது அவளுக்கு தெரிஞ்சு போச்சு. பயந்து ஒதுங்கறவன்கிட்ட பெத்தவங்க பேசற விதம் ஒண்ணு இருக்கே, திட்டாம, உன்ன கவனிச்சுக்கிட்டு தான் இருக்கேன்னு மட்டும் சொல்றது, அது இது.

அடுத்த நாளே ஹாரி மேல லஞ்சக் குற்றச்சாட்டு. காசு வாங்கிட்டு மாத்திட்டார்னு பேப்பர்ல வருது, பிரமாணப் பத்திரம் எழுதித் தர்றாங்க. ஜன்னல் வழியா எறங்கி சுவர் விளிம்புல நடந்து, சட்டசபை இருக்கற கேப்பிட்டல் கட்டடத்து மேல பரண்ல போய் ஒளிஞ்சார்னு ஒரு கதை கூட உண்டு, கதையாவே வெச்சுக்கலாம். நிஜமா அவர் செஞ்சது, சபையில எந்திரிச்சு நின்னு தன் பக்கத்த சொல்லி அத பதிவேட்டுல ஏத்தினது. அதுல அவர் வரிசையா காரணம் சொல்றார். மொதல் காரணம் அம்மா இல்ல. முழு ஓட்டுரிமை ஒரு உரிமைன்னு நான் நம்பறேன், அது தான் முதல்ல. நமக்கு இத ஏத்துக்க தார்மீகமாவும் சட்டப்படியும் உரிமை இருக்கு. அதுக்கு அப்புறம் தான், அம்மாவோட புத்திமதிய கேக்கறது தான் ஒரு பையனுக்கு எப்பவும் பத்திரம், என் அம்மா நான் ஆதரிக்கணும்னு விரும்பினாங்கன்னு. அப்புறம், ஒரு கோடியே 70 லட்சம் பொம்பளைங்கள அரசியல் அடிமைத்தனத்துலேர்ந்து விடுவிக்கற வாய்ப்பு மனுஷனுக்கு அபூர்வமா தான் கிடைக்கும், அது எனக்கு கிடைச்சுதுன்னு.

இது அம்மா முந்தானைய புடிச்சுக்கிட்டு நின்ன பையன் பேச்சு இல்லையே. அவருக்கு முன்னாடியே நம்பிக்கை இருந்திருக்கு. நம்பிக்கைக்கும் ஓட்டுக்கும் நடுவுல பயம் நின்னுச்சு, தேர்தல், குரு, ஊரு. அந்தப் பயத்தத் தான் லெட்டர் நகத்தி வெச்சது.

ஆனா அந்தக் காரணப் பட்டியல்ல கடைசி ஒண்ணு இருக்கு, நிறைய பேர் மேற்கோள் காட்டறப்ப அத விட்டுடறாங்க, நான் விட மாட்டேன். உலகத்துலயே சுத்தமான ஆங்கிலோ சாக்ஸன் பகுதியான கிழக்கு டென்னசி மலையிலேர்ந்து வந்த ஒரு ரிபப்ளிகன் தான் இத சாத்தியமாக்கினார்னு என் கட்சி சொல்லிக்கணும்னு விரும்பினேன்னு சொல்றார். சுத்த ரத்தம்ங்கற பேச்சு. படிச்சதும் எனக்கு நெஞ்சுல ஒரு கல்லு விழுந்த மாதிரி இருந்துச்சு, நான் வாழற ஊர், நான் சிலை முன்னாடி நின்னு கண் கலங்கின ஆள். அந்தக் காலத்து வெள்ளைக்காரங்க பேச்சு அப்படின்னு தாண்டிப் போகலாம், ஆனா அதே வருஷம் மே மாசம், அதே சபை மண்டபத்துல, ஜூனோ ஃபிராங்கி பியர்ஸ்னு ஒரு கருப்பினத் தலைவி நின்னு பேசியிருக்காங்க, நீக்ரோ பெண்கள் ஓட்ட வெச்சு என்ன செய்வாங்கன்னு கேக்கறீங்களே, நாங்க வெள்ளைப் பெண்கள் கூட நிப்போம், எங்களுக்கு வேண்டியது நியாயமான ஒரு பங்குன்னு. டென்னசியில 1919லயே நகராட்சி, ஜனாதிபதி தேர்தலுக்கு மட்டும் பொம்பளைங்களுக்கு ஓட்டு கொடுத்திருந்தாங்க, அந்த வருஷ நகராட்சி தேர்தல்லயே நாஷ்வில்ல கருப்பினப் பெண்கள் திரண்டு வந்து ஓட்டு போட்டிருக்காங்க. இந்தத் திருத்தம் அவங்களுக்கும் சேத்து தான். ஆனா தெற்கு மாநிலங்கள்ல பெரும்பாலான எடத்துல வரி, எழுத்தறிவுப் பரீட்சை, அடி, மிரட்டல்னு போட்டு 1965 ஓட்டுரிமைச் சட்டம் வர்ற வரைக்கும் அவங்கள ஓட்டுச்சாவடி பக்கமே விடல. ஹாரி விடுவிச்சேன்னு சொன்ன கணக்குல அவங்களும் உண்டு, நடப்புல இல்ல.

நயோட்டாவுல அப்ப என்ன நடந்துச்சு தெரியுமா. லூசியானா மாநில முன்னாள் கவர்னரோட மனைவி நேரா ஃபெப் அம்மா வீட்டுக்கே போயிட்டாங்க, அந்த லெட்டர் நான் எழுதினதில்லன்னு எழுதி வாங்க. அந்தம்மா அசையல. வந்தவங்கள வெளிய அனுப்பறதே பெரும்பாடா போச்சாம். உடனே தந்தி அடிச்சாங்க, லெட்டர் நான் எழுதினது தான், என் பேர சொல்லி வேற எது வந்தாலும் பொய், நான் ஓட்டுரிமை பக்கம் உறுதியா நிக்கறேன், என் மகன் கடைசி வரைக்கும் அதுலயே நிக்கணும்னு கேட்டுக்கறேன்னு. விதவை, தனியா, கதவ தட்டினது இன்னொரு மாநிலத்து பெரிய எடம். லெட்டர விட இந்தத் தந்தி தான் எனக்கு பெருசு.

எதிர்க் கோஷ்டி சட்டசபைக்காரங்க ராத்திரியோட ராத்திரியா ரயிலேறி எல்லை தாண்டி அலபாமாவுல டிக்கேட்டர் ஊருக்கு ஓடிப் போனாங்க, கோரம், அதாவது சபை நடக்க வேண்டிய ஆள் கணக்கு, இல்லாம சபைய முடக்க. இருந்தவங்க மறுபரிசீலனைய தள்ளி முடிச்சுட்டாங்க. 24ஆம் தேதி கவர்னர் கையெழுத்து, 26ஆம் தேதி காலைல வெளியுறவுச் செயலர் பெயின்பிரிட்ஜ் கோல்பி தன் வீட்லயே விழா எதுவும் இல்லாம கையெழுத்து போட்டுட்டார். கவர்னர் ராபர்ட்ஸ் நவம்பர்ல தோத்தார். ஹாரி ஜெயிச்சார்.

அதுக்கு அப்புறம் 56 வருஷத்துக்கு மேல உயிரோட இருந்திருக்கார். வக்கீலானார், ராக்வுட்ல தொழில். 1930ல கவர்னர் வேட்பாளர் ஆகப் பாத்து தோல்வி. ரெண்டு கல்யாணம், ஒரு மகன். ஃபெப் அம்மா 1945ல போயிட்டாங்க. அடுத்த வருஷமே அதே மக்மின் கவுன்ட்டியில, ஏதென்ஸ் ஊர்ல, ஷெரீஃப் கோஷ்டி ஓட்டுப்பெட்டிய தூக்கிக்கிட்டுப் போய் ஜெயில்ல பூட்டிக்கிச்சு, போர்லேர்ந்து திரும்பின சிப்பாய்ங்க துப்பாக்கியோட அவங்கள சுத்தி வளைச்சு பெட்டிய மீட்டாங்க, 1946 ஆகஸ்ட். ஓட்டுக்காக இவ்ளோ பட்ட கவுன்ட்டி அது. ஹாரி 1948லேர்ந்து மாநில செனட்ல இருந்தார், அப்புறம் டென்னசி அரசியல் சட்டத்த திருத்தக் கூடின மாநாடுகள்ல 1953, 1959, 1965, 1971ன்னு நாலுலயும் பிரதிநிதி. அந்த 1953 மாநாட்டுல தான் ஓட்டு போட வரி கட்டணும்ங்கற ஷரத்த மாநில சட்டத்துலேர்ந்து எடுத்தாங்க. ஏழைங்களயும் கருப்பினத்தாரயும் தடுத்த வரி அது. இந்த வேலையெல்லாம் யாரும் சிலையா வடிக்கறதில்ல, கமிட்டி ரூம்ல வருஷக்கணக்கா உக்காந்து ஷரத்து ஷரத்தா பாக்கற வேலை. எனக்கு அந்த ஒரு நிமிஷத்துக்கு சமமா இதுவும் புடிக்குது.

1977 பிப்ரவரியில நயோட்டாவுலயே செத்தார், 81 வயசு. சாகற வரைக்கும் யாராச்சும் வந்து அந்த ஒரு நாள பத்தியே தான் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. அவரும் பொறுமையா சொல்லுவார். அப்படி சொன்னதுல ஒண்ணு, எங்கம்மா காலேஜ் படிச்சவங்க, உலக விஷயம் எல்லாம் தெரிஞ்சவங்க, அவங்களுக்கு ஓட்டு இல்ல. எங்க நெலத்துல குத்தகைக்கு இருந்தவங்கள்ல சில பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அவங்களுக்கு ஓட்டு இருந்துச்சுன்னு. குத்தகைக்காரங்களுக்கு ஓட்டு இருந்தது தப்புன்னு நான் சொல்ல வரல, ஆனா ஒரு புள்ள சின்ன வயசுலேர்ந்து தேர்தல் நாளைக்கு வீட்டு வாசல்ல நின்னு யார் போறாங்க, யார் போகாம அடுப்படியிலயே இருக்காங்கன்னு பாத்து வளந்திருக்கான்.

போன வாரம் மறுபடி அந்த ஸ்கேன தொறந்து கடைசிப் பக்கத்த படிச்சேன். எலி பூனை விளையாட்டுக்கு கீழ, இந்த தடவைக்கு அம்மாகிட்டேர்ந்து இவ்ளோ தான், நெறைய அன்போட, மாமான்னு முடிச்சிருக்காங்க. மாமான்னா அங்க அம்மா.